என் தலைவரின் தலைவர்

ஆண்டுதோறும் ஜனவரி 30 அன்று முற்பகல் 11 மணிக்கு நாடு இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது. காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1960-ஆம் ஆண்டின் அதே ஜனவரி 30-இல் சென்னையில் இன்னொருவர் மறைந்தார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனிலும் நியூயார்க்கிலும் பயின்று, வார்தாவில் உழைத்து, மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே.சி. குமரப்பா அவர். அவருக்காக நாடு தனியே மௌனம் காப்பதில்லை. அவரைப் பற்றிய மௌனமோ ஆண்டு முழுவதும் நீடிக்கிறது.

அந்த மௌனத்தில் எனக்கும் பங்குண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். அரசு நிதியியலில்தான் முனைவர் பட்டமும் பெற்றேன். அதே துறையில் 1920-களிலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஒரு தமிழரின் நூலை என் ஆய்வுக் காலத்தில் ஒருமுறைகூடப் புரட்டியதில்லை. காந்தியப் பொருளாதாரம் என்ற தலைப்பின்கீழ் எங்கள் பாடத்தில் அவர் பெயர் ஒரு வரியில் வந்துபோகும். தேர்வுக்கு அது முக்கியமில்லை என்று சொல்லி நானும் கடந்து போயிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகே அவரை முறையாகப் படித்தேன். அப்போது என்னை உறங்கவிடாமல் செய்தது அவருடைய பொருளியல் அன்று. தலைமை என்றால் என்ன என்பதற்கு அவர் வாழ்ந்து காட்டிய விளக்கம்தான்.

இன்று மேலாண்மைக் கல்வி நிலையங்களில் தொண்டுத் தலைமை என்றொரு பாடம் நடத்தப்படுகிறது. தலைவர் என்பவர் முதலில் தொண்டராக இருக்க வேண்டும் என்ற கருத்தை அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அதிலிருந்து இந்தச் சொல் பரவியது. கருத்து அதைவிட மிகப் பழையது. தம் மரணத்துக்கு முந்தைய இரவில் இயேசு மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவினார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அக்காலத்து வீடுகளில் கடைநிலைப் பணியாளரின் வேலை. பேதுருவால் அதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. தமக்குள் யார் பெரியவர் என்று வாதிட்டுக்கொண்டிருந்த சீடர்களுக்கு, பெரியவனாக விரும்புகிறவன் மற்றவர்களுக்குப் பணிவிடை செய்யட்டும் என்பதே அவர் தந்த மறுமொழி.

இதைக் கேட்டு வளர்ந்த குடும்பம் குமரப்பாவினுடையது. 1892 ஜனவரி 4-ஆம் நாள் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்ற பெயரில் அவர் பிறந்தார். தந்தை சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். ஒழுங்கிலும் நேரம் தவறாமையிலும் கண்டிப்பானவர். தாய் எஸ்தர் ஆழ்ந்த இறைப்பற்றும் இரக்கமும் கொண்டவர். தந்தையின் கண்டிப்பும் தாயின் இரக்கமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் மகனிடம் சேர்ந்திருந்தன. பின்னாளில் அவர் செய்த ஒவ்வொரு பணியிலும் இந்த இரண்டையும் காணலாம்.

இளைஞர் கொர்னேலியஸ் லண்டன் சென்று கணக்காயர் பயிற்சி பெற்று அங்கேயே பணியாற்றினார். 1919-இல் தாயகம் திரும்பி, பம்பாயில் முதலில் ஓர் ஆங்கிலேய நிறுவனத்திலும் பிறகு சொந்தத் தணிக்கை நிறுவனத்திலும் தொழில் நடத்தினார். நல்ல வருமானம், மேலைநாட்டு உடை, மேலைநாட்டு வாழ்க்கை. அரசியலில் நாட்டமில்லை. முப்பத்தைந்து வயதை ஒட்டி உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றார். சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தபின் கொலம்பியாவில் புகழ்பெற்ற நிதியியல் அறிஞர் செலிக்மனிடம் சேர்ந்தார். இந்தியாவின் வறுமைக்கும் பிரிட்டிஷ் ஆட்சியின் வரி, செலவுக் கொள்கைக்கும் உள்ள தொடர்பே ஆய்வுப் பொருளாயிற்று. கணக்கேடுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு பேரரசின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தார். யாருடைய உழைப்பு யாருடைய வசதிக்குச் செலவாகிறது என்பது அதில் தெரிந்துவிட்டது. இந்தியா திரும்பிய அவர், கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்துக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்றார். மதத்தை அவர் விடவில்லை. இறுதி மூச்சுவரை கிறித்தவராகவே வாழ்ந்தார்.

1929 மே மாதம் தம் ஆய்வேட்டுடன் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே சேர்ந்துவிட்டவர், சாணம் மெழுகிய தரையில் மரத்தடியில் அமர்ந்து நூல் நூற்கும் முதியவர் ஒருவரைக் கைத்தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் அம்முதியவரே, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று விசாரித்தார். காந்தியைத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மடிப்புக் கலையாத மேலைநாட்டுக் கால்சட்டையைப் பற்றிய கவலையை விட்டு அதே தரையில் அமர்ந்தார்.

காந்தி அந்த ஆய்வைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். நூலகத்தில் எண்களாகக் கண்ட வறுமை அங்கே முகங்களாக எதிர்ப்பட்டது. 1931-இல் வெளியான அந்த அறிக்கை இந்தியக் கிராம ஆய்வுகளில் முன்னோடியானது.

உப்புச் சத்தியாகிரகம் தொடங்கியதும் அவர் யங் இந்தியாவில் எழுதினார். அதற்காகச் சிறை சென்றார். அப்போது அவர் செய்த மற்றொரு செயல் அதிகம் பேசப்படுவதில்லை. அறவழியில் நின்ற சத்தியாகிரகிகள்மீது தடியடி நடந்தபோது கிறித்தவத் திருச்சபையின் தலைமை அரசின் பக்கம் சாய்ந்திருந்ததை அவரால் ஏற்க இயலவில்லை. கிறித்தவ ஊழியர்களுக்கும் மறைப்பணியாளர்களுக்கும் வெளிப்படையான வேண்டுகோள் விடுத்தார். இந்தியாவின் ஆங்கிலிக்கத் திருச்சபைத் தலைவராக இருந்த பேராயர் வெஸ்ட்காட்டுடன் கடிதப் போர் நடத்தினார். அன்பையும் அகிம்சையையும் போதித்தவரின் பெயரால் நடக்கும் திருச்சபை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதே அவர் கேள்வி. தம் சபையின் தலைமையை அவர் கேட்டது, அந்தச் சபை வணங்கும் தலைவரின் பெயரால்தான்.

இனி, என்னைப் பல நாள் அலைக்கழித்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1934 ஜனவரி 15 அன்று பிகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவுக்கு நாடெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. அதன் கணக்குகளைக் கண்காணிக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. பலர் கையில், பல ஊர்களில், பலவிதமாக எழுதப்பட்ட கணக்குகளை அவர் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்தார். அதற்குமேல் ஒரு காசும் இல்லை.

காந்தி பாட்னாவுக்கு வந்தார். உடன் வந்த குழுவும் சிறியதன்று. காந்தியின் உணவோ பாலும் பழமுமானது. மூன்று அணாவில் அடங்காது. குமரப்பா அவருடைய செயலர் மகாதேவ் தேசாயிடம் சென்று, இந்தக் குழுவின் உணவுச் செலவையும் வண்டிகளுக்கான பெட்ரோல் செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர இயலாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெரிவித்துவிட்டார். செய்தி காந்திக்கு எட்டியது. அவர் குமரப்பாவை அழைத்துக் காரணம் கேட்டார். பொதுமக்கள் கொடுத்த பணம் இடிபாடுகளில் நிற்பவர்களுக்கானது. விதி எல்லோருக்கும் ஒன்றே என்று குமரப்பா விளக்கினார். காந்தி அதை ஏற்று, தம் குழுவின் செலவை அந்த நிதியில் சேர்க்க வேண்டாம் என்று தேசாயிடம் சொன்னார்.

இதைப் படித்த இரவு எனக்கு ஒரு ரசீது நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பரில் கடல் பொங்கிக் கரையோர ஊர்களை அழித்தபோது, நான் பணியாற்றிய கல்லூரியில் மாணவர்கள் உண்டியல் ஏந்தி நிதி திரட்டினார்கள். நிவாரணக் குழுவுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். பொருள்களை வழங்குவதற்கு ஒரு சிறப்பு விருந்தினர் அழைக்கப்பட்டார். மாலை, பொன்னாடை, மதிய விருந்து, அவர் வந்துபோன வண்டிச் செலவு அனைத்தும் போக்குவரத்து என்ற தலைப்பில் நிவாரணக் கணக்கிலேயே எழுதப்பட்டன. சில ஆயிரம் ரூபாய்தான். கணக்கு எழுதிய மாணவர், ஐயா இது சரியா என்று தயக்கத்துடன் கேட்டார். இதெல்லாம் வழக்கம்தான் என்று சொல்லிக் கையொப்பமிட்டேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மேலிடத்தின் முகம் கோணுமே என்று நானே கருதிக்கொண்டேன். அதைப் பணிவு என்றும் எனக்கு நானே பெயரிட்டுக்கொண்டேன்.

பணிவும் பணியும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஆயினும் நம் பொதுவாழ்வில் அவை வெகுதூரம் விலகிவிட்டன. பெரியவர்கள் முன் கைகட்டி நிற்பவரைப் பணிவானவர் என்கிறோம். தொண்டுத் தலைமை என்று பேசும்போதும் எளிமையாக உடுத்துபவர், இனிமையாகப் பேசுபவர், எவர் மனத்தையும் நோகவிடாதவர் ஆகியோரைத்தான் மனத்தில் கொள்கிறோம். குமரப்பா இனிமையாகப் பேசுபவர் அல்லர். முன்கோபி; நாக்கில் கூர்மை உண்டு. அவரோடு வேலை செய்வது எளிதன்று என்று உடனிருந்தவர்கள் அறிவார்கள். ஆனால், தாம் யாருக்குப் பணியாளர் என்பதில் அவருக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை. அதனால்தான் காந்தியிடமும் இல்லை என்று சொல்ல முடிந்தது. சீடர்களின் கால்களைக் கழுவிய அதே இயேசுதான் எருசலேம் ஆலயத்தில் காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தவரும். முதற்செயலை மட்டும் படமாக வரைந்து மாட்டிவிட்டு, இரண்டாவதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். குமரப்பாவிடம் இரண்டும் ஒரே பணியாக இருந்தன.

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானது. வார்தாவின் மகன்வாடியில் இருந்து அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுடையது. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கைத்தாள், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று அங்கே ஆய்வுகள் நடந்தன. கொலம்பியாவில் படித்தவர் செக்கின் உரல் எப்படி அமைந்தால் மாட்டுக்கு இழுப்பு குறையும் என்பதில் அக்கறை காட்டினார். 1938-இல் நேருவின் தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைந்தபோது அதில் சேர்ந்தார். அதன் போக்கு கிராமத்துக்கு உதவாது என்று கண்டதும் சில மாதங்களில் விலகினார்.

1942-இன் வெள்ளையனே வெளியேறு இயக்கம் அவரை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. ஜபல்பூர் சிறையில் அவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை வழங்கினார். முதல் நூலுக்காக இறையியல் முனைவர் என்றும், அடுத்ததற்காகக் கிராமக் கைத்தொழில் முனைவர் என்றும் இரு பட்டங்களை விளையாட்டாகச் சூட்டினார். நானோ இந்த இரு நூல்களையும் தனித்தனியே பிரிக்க இயலாதவை என்று கருதுகிறேன். சமயம் என்பது ஞாயிறு வழிபாட்டில் முடிவதன்று, அன்றாடம் உண்பதிலும் உடுத்துவதிலும் வாங்குவதிலும் வெளிப்பட வேண்டியது என்று முதல் நூல் சொல்கிறது. அப்படி வெளிப்பட்டால் பொருளாதாரம் எந்த வடிவம் எடுக்கும் என்பதற்கு இரண்டாவது நூல் விடை தருகிறது.

இயற்கையைப் பார்த்து அவர் ஐந்து வகைப் பொருளாதாரங்களைக் காட்டுகிறார். தான் உண்பதற்காக மற்றோர் உயிரையே அழிக்கும் புலி முதல் வகை. தான் நடாத மரத்தின் மாங்கனியைப் பறித்துத் தின்னும் குரங்கு இரண்டாவது. தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பறவை மூன்றாவது. தனக்காக அன்றிக் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை தேடி ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. இந்த ஐந்தாம் நிலைதான் தொண்டின் பொருளாதாரம். பொருளியல் வகுப்பில் நாங்கள் மனிதனைத் தன்னலத்தைக் கணக்கிடும் உயிராகவே அறிமுகம் செய்கிறோம். குமரப்பாவின் அளவுகோலில் அது மூன்றாம் படியைத் தாண்டாது. பிற்காலத்தில் சிறியதே அழகு என்ற நூலால் உலகப் புகழ்பெற்ற ஷூமாக்கர், 1973-இல் வெளிவந்த அந்நூலில் குமரப்பாவை எடுத்தாண்டிருக்கிறார். இந்தியப் பாடநூல்கள் மறந்தவரை அயல்நாட்டார் வழியே நான் மீண்டும் அறிய நேர்ந்தது.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949-இல் அளித்த அறிக்கை இடைத்தரகர்களை ஒழித்து நிலத்தை உழுபவருக்கே உரிமையாக்க வேண்டும் என்றது. நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது. அதன் பரிந்துரைகளில் பெரும்பகுதி நடைமுறைக்கு வரவில்லை. ஆட்சியில் அமர்ந்த பழைய தோழர்களிடமிருந்து அவர் மெல்ல விலகினார். சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்றுவந்து அங்கு கண்ட நல்லவற்றைப் பாராட்டியபோது ஐயத்துக்கும் ஆளானார். பதவி எதையும் நாடவில்லை. திருமணம் செய்துகொள்ளாத அவர், 1950-களில் உடல்நலம் குன்றியபின் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் சொன்ன அனைத்தையும் நான் ஏற்பவன் அல்லன். பெருகிவரும் மக்கள்தொகைக்கு உணவளிக்க நவீன வேளாண்மையின் உதவி தேவைப்பட்டது என்றே இன்றும் நம்புகிறேன். கிராமத் தன்னிறைவு பற்றிய அவர் நம்பிக்கை, கிராமத்துக்குள்ளேயே இருந்த சாதிச் சுவர்களைப் போதிய அளவு கணக்கில் கொண்டதா என்ற ஐயமும் எனக்குண்டு. ஆனால், கொள்கையில் மாறுபடுபவர்களும் மறுக்க முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. அதிகாரத்துக்கு அருகில் முப்பது ஆண்டுகள் இருந்தும், தம் கணக்கேட்டில் ஏழையின் பத்தியை அவர் ஒருபோதும் மாற்றி எழுதவில்லை.

கல்லுப்பட்டியில் அவர் வாழ்ந்த சிறு குடிலுக்கு வினோபா பாவே வந்தார் என்பார்கள். சுவரில் காந்தியின் படம் இருந்தது. அதைக் காட்டி, இவர் என் தலைவர் என்றார் குமரப்பா. மற்றொரு படமும் இருந்தது. அது ஓர் ஏழைக் குடியானவனின் படம். அதைக் காட்டி, இவர் என் தலைவரின் தலைவர் என்றார்.

பிகாரில் காந்தியின் பாலுக்கும் பழத்துக்கும் பணம் தர மறுத்த கணக்காயரின் துணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த இரண்டாவது படமே விடை. அன்று அவர் தம் தலைவரை மீறவில்லை. தலைவரின் தலைவருக்குக் கட்டுப்பட்டார். காந்தியும் அதை அறிந்திருந்தார்.

நிவாரண நிதி, கோயில் திருப்பணி, திருச்சபை அறக்கட்டளை, பள்ளி வளர்ச்சிக் குழு, கூட்டுறவுச் சங்கம் என்று நம்மில் பலர் ஏதேனும் ஒரு சிறு தலைமைப் பொறுப்பில் இருக்கிறோம். மேடையில் கால் கழுவும் வாய்ப்பு நம்மில் எவருக்கும் வராமல் போகலாம். கையொப்பமிட வேண்டிய ஒரு ரசீது கட்டாயம் வரும்.

என் ரசீதின் தொகையைப் பின்னாளில் வேறொரு வெள்ள நிவாரண நிதிக்குச் செலுத்திவிட்டேன். அந்த மாணவருக்கு நான் சொன்ன பதிலை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை. இன்று அவரும் எங்கோ ஒரு பொறுப்பில் இருப்பார். வழக்கம்தான் என்று சொல்லக் கற்றுக்கொடுத்த ஆசிரியரை அவர் மறந்திருக்க வேண்டும் என்பதும், கேட்கத் துணிந்த அந்த மாணவரை அவர் மறக்காமல் இருக்க வேண்டும் என்பதும் என் விருப்பம்.